வன்முறை உண்மையிலேயே பெருகிவிட்டதா, செய்திகள்தான் அப்படிக் காட்டுகின்றனவா?

இதைக் கேட்டவர் வீட்டிலும் நாள் முழுவதும் செய்தித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். எங்கள் வீட்டில் ஓடியது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா பணி ஓய்வு பெற்ற பிறகு, காலையில் போட்ட தொலைக்காட்சியை இரவு படுக்கும்போதுதான் அணைப்பார். கண்காணிப்பு கேமராவில் பதிவான தாக்குதல் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். தாக்குபவனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, வேகத்தைக் குறைத்து, அதிரும் இசையைச் சேர்த்து, அன்று முழுக்க அதையே காட்டுவார்கள். ஒரே சம்பவத்தை இருபது முறை பார்த்தவருக்கு இருபது சம்பவம் நடந்ததாகவே மனதில் பதிகிறது. உடனே அக்காவுக்குப் போன் செய்வார். "காலம் கெட்டுக் கிடக்கிறது அம்மா, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடு."

அந்த வீட்டுக்குள்தான் அக்காவை அவள் கணவர் அடித்துக்கொண்டிருந்தார். வீங்கிய மணிக்கட்டோடு அவள் எங்களிடம் வந்து நின்ற வரை யாருக்கும் தெரியாது. அப்பா பயந்த இடங்களில் தெருமுனை இருந்தது, பஸ் நிறுத்தம் இருந்தது. மருமகன் இல்லை.

"செய்தியா அவளை அடித்தது?" என்று யாராவது சண்டைக்கு வரலாம். இல்லை, அடித்தவர்தான் குற்றவாளி. எந்தப் பக்கம் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை எங்களுக்குத் தவறாகக் கற்றுக்கொடுத்தது செய்தி என்கிறேன். ஐ.நா. கணக்கின்படி 2023இல் உலகில் கொலை செய்யப்பட்ட பெண்கள், சிறுமிகள் சுமார் 85,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினரைக் கொன்றவர்கள் கணவரோ துணைவரோ குடும்பத்தினரோதான். நாள்தோறும் நடப்பது செய்தியாவதில்லை. அரிதாக நடப்பதும், கேமராவில் சிக்குவதும்தான் தலைப்புச் செய்தியாகின்றன.

கேள்விக்கு நேரடியான பதில் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் இருந்ததைவிட அங்கே வன்குற்ற விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. அப்படியிருந்தும், குற்றம் கூடிவிட்டது என்றே பெரும்பாலான ஆண்டுகளில் கேலப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையோர் சொல்லியிருக்கிறார்கள். தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர்களுக்கு உலகம் உள்ளதைவிடக் கொடியதாகத் தெரிகிறது என்று ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு எழுதினார். எங்கள் கூடத்தில் அதைக் கண்ணால் கண்டேன்.

நிருபர்களை நான் பழிக்கவில்லை. அவர்கள் எழுதியிராவிட்டால் மூடப்பட்டிருக்கும் வழக்குகள் எத்தனையோ. ஒரு கொலையைச் சொல்லும்போது, அப்படிப்பட்டவை கூடுகின்றனவா குறைகின்றனவா, உதவிக்கு எங்கே போவது என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறேன். அந்த இரண்டு வரி அக்காவுக்குக் கிடைத்திருந்தால் அவள் முன்பே வந்திருப்பாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளில் இந்தச் செய்திகளை ஓடவிடுவதை யார் தொடங்கி வைத்தார்கள்? காய்ச்சலோடு மடியில் கிடக்கும் குழந்தை, சிவப்பு வட்டத்தையே வெறித்துப் பார்க்கிறது. ஒலியையாவது குறையுங்கள் என்று ஒரு மருத்துவமனையில் கேட்டேன். மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த முறையும் கேட்பேன்.