மூன்றடித் தொட்டிக்கு எந்த மீன்? முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சொல்லுங்கள்

"ஹாலில் வைக்க மூன்றடி நீளத் தொட்டி வாங்கியிருக்கிறேன், என்னென்ன மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர், குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீரா போர் தண்ணீரா என்பதை விட்டுவிட்டீர்களே! பிடித்த மீனை வாங்கிவிட்டு அதற்காகத் தண்ணீரை மாற்றப் போராடுகிறவர்கள் கொஞ்ச நாளில் அலுத்துப்போய்த் தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். வீட்டில் வருகிற தண்ணீருக்குத் தோதான மீனை வாங்குவதுதான் சுலபம்.

தொட்டியின் அளவு மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரம் என்று வைத்துக்கொள்கிறேன். விளிம்பு வரை நிரப்பினால் 127 லிட்டர். கல், மணல், மேலே விடுகிற இடைவெளி போகக் கையில் நிற்பது 100 லிட்டர் சொச்சம்தான்.

பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் உப்புத் தண்ணீர், அதாவது தாது உப்புகள் அதிகமுள்ள கடினமான தண்ணீர். சென்னைப் புறநகரில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். இதற்காக வருத்தப்பட வேண்டாம். மோலி, பிளாட்டி, சோர்ட் டெயில் எல்லாம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மீன்கள். கடினமான தண்ணீர் அவற்றுக்கு இஷ்டம். கப்பியும் அப்படித்தான். விலையும் குறைவு, நிறத்துக்கும் பஞ்சமில்லை. ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் விடுங்கள், இல்லாவிட்டால் ஆண்கள் துரத்தித் துரத்திப் பெண் மீன்களை ஓய்த்துவிடும். குட்டிகள் வேண்டாம் என்று பெண் மீன்களை மட்டும் வாங்குவது பலிக்காது. கடைத் தொட்டியில் ஒருமுறை சேர்ந்ததை வைத்தே மாதக்கணக்கில் குட்டி போடும். வேண்டாமென்றால் ஆண் கப்பிகளை மட்டும் வாங்குங்கள், அழகும் அவற்றிடம்தான். சோர்ட் டெயில் துள்ளி வெளியே விழும், தொட்டிக்கு மூடி அவசியம்.

தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் தாது உப்புகள் அநேகமாக இருக்காது. இந்த மீன்களுக்கு அது ஆகவே ஆகாது. நியான் டெட்ரா மாதிரி மென்மையான தண்ணீர் கேட்கிற மீன்களுக்கு வேண்டுமானால் குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆனால் நியானுக்கு இன்னொரு சிக்கல், வெயில். அதற்கு 22 முதல் 26 டிகிரி வரைதான் சுகம். ஏசி இல்லாத சென்னை ஹாலில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும்.

இதே காரணத்துக்காகத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிற கோல்டு ஃபிஷ்ஷை நான் சிபாரிசு செய்வதில்லை. அது கெண்டைக் குடும்பம், குளிர்ந்த தண்ணீரை விரும்பும் மீன், கழிவும் அதிகம். உங்கள் தொட்டியில் இரண்டு விட்டாலே இடம் தீர்ந்துவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருக்கிறீர்கள் என்றால் தாராளமாக வளர்க்கலாம், ஹீட்டர் செலவுகூடக் கிடையாது.

வெயிலோடு கரண்ட் கட்டையும் சேர்த்து யோசியுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அந்த நேரம் பார்த்து ஃபில்டரும் நின்றுவிட்டால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். கௌராமிக்கு இந்தக் கவலை குறைவு. செவுளுக்கு மேலே உள்ள தனி உறுப்பால் காற்றை நேரடியாகவே சுவாசிக்கும். அதில் முத்துக் கௌராமி, கடையில் பேர்ல் கௌராமி என்று கேளுங்கள், என் செல்லம். நாலைந்து அங்குலம் வளரும், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, ஆணுக்குக் கழுத்தடியில் ஆரஞ்சு. யாரோடும் வம்புக்குப் போகாது. ஒரு ஆண், இரண்டு பெண் போதும்.

அதோடு எட்டு செர்ரி பார்ப் விடுவேன். இலங்கையின் தென்மேற்கு ஓடைகளைச் சேர்ந்தது, இரண்டங்குலம்தான். செடி இருந்தால் ஆண் மீன் அடர் சிவப்பாகும். அடித்தளத்துக்குக் கோரிடோரஸ் என்கிற சின்னக் கெளுத்தி மீன் ஆறு, கூரான கல் இல்லாமல் மணல் போட்டிருந்தால் மட்டும். வெயில் ஊர் என்றால் ஸ்டெர்பாய் வகை கிடைக்கிறதா என்று விசாரியுங்கள், சூட்டைத் தாங்கும். தண்ணீர் ரொம்பவும் உப்பாக இருந்தால் பார்ப்பையும் கோரிடோரஸையும் விட்டுவிட்டு அந்த இடத்தில் பிளாட்டி.

ஏஞ்சல் மீன் மேல் ஆசை இருந்தால், உங்கள் தொட்டியின் உயரம் அதற்குச் சரி. ஆனால் வளர்ந்த ஏஞ்சல் சின்ன டெட்ராக்களை விழுங்கும். டைகர் பார்ப் அதன் நீண்ட துடுப்புகளைக் கொத்தித் தள்ளும். டைகர் பார்ப் வளர்ப்பதானால் பத்தாக வாங்கி அதை மட்டும் வளருங்கள். தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு பொழுதைப் போக்கும்.

கடையில் இரண்டங்குலத்தில் 'ஷார்க்' என்று ஒன்று காட்டுவார்கள். அது சுறா இல்லை, ஆந்திராவில் சாப்பாட்டுக்காகக் குளத்தில் வளர்க்கிற பங்காசியஸ். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஆஸ்கார் ஓரடி. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கையில் திணிக்கிற சக்கர் மீன் ஒன்றரையடி வரை போகும். அது மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது, தன் பங்குக்குக் கூட்டத்தான் செய்யும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விட்டு விட்டு, இன்று நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. நீங்களும் விடாதீர்கள்.

மிஸ் கேரளா கண்ணைப் பறிக்கும், தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடும் ஆற்று மீன், அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். பட்டியலில் உள்ளது. கூட்டமாக நீந்த நாலடித் தொட்டியாவது வேண்டும்.

எதை வாங்கினாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் வளர்க்கும் நண்பர் யாராவது தன் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கொடுத்தால் சீக்கிரம் முடியும். பிறகு நாலைந்து மீன், இரண்டு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம்.

சென்னைக் கொளத்தூர் மாதிரி மீன் கடைகள் வரிசையாக இருக்கிற இடத்துக்குப் போனால் முதல் கடையிலேயே வாங்காமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். போர் தண்ணீரில் வைத்திருக்கிறார்களா, மீன் வந்து எத்தனை நாளாச்சு என்று கேளுங்கள். நேற்று வந்த மீன் வேண்டாம், ஒரு வாரம் தாக்குப்பிடித்ததை எடுங்கள். கண்ணெதிரே கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்றால் வாங்கலாம். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பதை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.