கோன் கேனுக்கு வரும் தம்பிக்கு

தாய்லாந்தில், கோன் கேனில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது; சம்பளம் போதுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, பழக ஆட்கள் இருப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் தனி ஆளுக்குப் போதும். ‘ஜே’ என்று எழுதிய மஞ்சள் கொடி தொங்கும் கடையில் மீன் சாறு கலந்திருக்குமோ என்ற பயமின்றிச் சாப்பிடலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் இந்த நீண்ட பதில்.

வெளிநாட்டு ஆசிரியர்களை மட்டும் நம்பி நட்பு வளர்க்காதீர்கள், தம்பி. பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடியும். பலருடைய ஒப்பந்தமும் அதோடு சரி. சனிக்கிழமைதோறும் கூடித் திரிந்தவர்கள் ஏப்ரலில் வியட்நாமில் இருப்பார்கள். தாய்லாந்துப் புத்தாண்டான என் முதல் சோங்க்ரானில், நம் சித்திரைப் பிறப்பையொட்டி ஊரே தண்ணீர் ஊற்றிக் கொண்டாடியபோது, நான் அறைக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

தாய்லாந்து ஆசிரியர்களோடு மதியம் உட்காருங்கள். கூடையில் ஒட்டும் அரிசிச் சோறு, நடுவில் சோம் தாம் என்ற பப்பாளிக்காய் சாலட். கையால் உருட்டிச் சாப்பிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சக ஆசிரியர் வீட்டில் துக்கம் என்றால் பிக்குகள் ஓதும் இரவுகளில் கறுப்பு உடையில் போய் இருங்கள். அப்படிப் போன பிறகுதான் என்னை வீட்டு மனுஷியாகப் பார்த்தார்கள். இன்று இந்த வடகிழக்குப் பகுதியின் ஈசான் பேச்சிலேயே சந்தையில் பேரம் பேசுகிறேன்.

நம்மவர்களில் சிலர் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களை மட்டமாகப் பேசுவார்கள். எனக்குக் கோபம் வரும். ‘ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மட்டும்’ என்ற விளம்பரம் அவர்களோடு நம்மையும் சேர்த்துத்தானே வெளியே நிறுத்துகிறது? காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவள் ஒரு பிலிப்பினோ பெண்.

இன்னொன்று: சுற்றுலா விசாவில் வந்து வேலையைத் தொடங்கச் சொல்லும் ஏஜென்சிக்குத் தலையாட்டாதீர்கள். வேலைக்கான ‘நான்-பி’ (Non-B) விசாவும் பணி அனுமதியும் கைக்கு வரட்டும்.

ஜூனில் ஒரு வியாழக்கிழமை வய் க்ரூ என்ற குரு வணக்கம் நடக்கும். இரண்டாம் ஆண்டு, பிள்ளைகள் முழங்காலில் நகர்ந்து வந்து நீட்டிய தட்டில் அருகம்புல்லும் இட்லிப்பூவும் கத்தரிப்பூவும் இருந்தன. பிள்ளையாருக்கு வைக்கும் புல்லை அங்கே பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மூத்த ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். கத்தரிப்பூ தலைகுனிந்தே பூப்பதால் பணிவுக்கு, கூரான இட்லிப்பூ மொட்டு அறிவுக்கு என்று விளக்கினார். மாலையில் வீட்டுக்கும் அழைத்துப் போனார். இப்போதும் ஞாயிறு மாலைகளில் பூங் கேன் நகோன் ஏரியை அவரோடுதான் சுற்றி நடக்கிறேன். வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள், நீங்களும் எங்களோடு வரலாம்.