பதில்: வவுனியா–முல்லைத்தீவு விபிஎன், பிங் போகுது ரிப்போர்ட் வருகுதில்லை

வணக்கம். வவுனியாவில் பைபர், முல்லைத்தீவு, மாங்குளம் கிளைகளில் 4ஜி. மூன்றையும் இணைக்கும் வயர்கார்ட் விபிஎன்னில் (இணையத்துக்குள் போகும் தனிப்பாதை) பிங் (மறுமுனை பதில் தருகுதா என்று பார்க்கும் சின்னச் செய்தி) போகுது, ஸ்டொக் ரிப்போர்ட் பாதியில் நிற்குது, கரண்ட் போய் வந்தால் முல்லைத்தீவு இணையுதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

சின்னப் பக்கெற் (தரவுத் துண்டு) போய்ப் பெரியது நின்றால் முதலில் எம்டியூவைத்தான், அதாவது ஒரு பக்கெற் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்பதைத்தான், பார்க்கவேணும். வயர்கார்ட் வழமையாக 1420 எடுக்கும். 4ஜி பாதையில் அது சிலவேளை தாங்காது. இரண்டு முனையிலும் 1280 ஆக்குங்கள். பிறகு துண்டாக்காமல் 1252 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள், மறுமொழி வந்தால் சரி.

மற்றது, கரண்ட் போய் வந்தபின் இணையாதது, கொஞ்சம் குசும்பான விசயம். வயர்கார்ட் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் (இணைப்பைத் தொடங்க இரு முனையும் பேசிக்கொள்வது) நேரமுத்திரை அனுப்பும்; முன்பு வந்ததைவிடப் பழையது என்றால் வவுனியா சத்தமில்லாமல் எறிந்துவிடும். மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் மணிக்கூட்டு பற்றரி இல்லை, கரண்ட் போனால் பழைய திகதியோடுதான் எழும்பும். சரியான நேரம் தரும் என்டிபி சேர்வரை விபிஎன்னுக்கு உள்ளே வைத்திருந்தால் நேரமும் வராது, விபிஎன்னும் வராது. அதை நேரே 4ஜி வழியாக எடுக்க விடுங்கள்.

கிளைகளின் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க இணைய முகவரி) 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் வெளியிலிருந்து அழைக்க முடியாது. கிளைதான் வவுனியாவை அழைக்கவேணும், கீப்அலைவ் (இணைப்பு மூடாமலிருக்க இடைக்கிடை அனுப்பும் சின்னப் பக்கெற்) 25 செக்கனோடு. வவுனியாவில் வயர்கார்ட் வந்துசேரும் யூடிபி போர்ட் 51820 திறந்திருக்கட்டும்.

மூன்று இடத்திலும் உள் முகவரிகள் 192.168.1 என்றுதான் தொடங்குதா? அப்படியென்றால் எந்த இடத்துக்குப் போவதென்று ரவுட்டருக்குத் தெரியாது, முதலில் அதை இடத்துக்கு இடம் வேறாக மாற்றுங்கள்.