எமிரேட்ஸ் ஐடி: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

துபாய், ஷார்ஜா பக்கம் புதுசா வேலைக்கு வந்தவங்க நிறைய பேர் எமிரேட்ஸ் ஐடி, அதாவது அமீரகத்துல (யுஏஇ) குடியிருக்கறவங்களுக்கு குடுக்கற அடையாள அட்டை பத்தி கேட்டிருந்தீங்க. பழைய ஆளுங்க பத்தாக்கான்னு சொல்வாங்களே, அதேதான்.

கேள்வி: அண்ணே, மெடிக்கல் முடிஞ்சு ரெண்டு வாரமாச்சு, கைரேகைக்கு கூப்பிடவே இல்ல. பாஸ்போர்ட்லயும் விசா அடிக்கல. பயமா இருக்கு.

பதில்: விசா ஸ்டிக்கரை மறந்துடுங்க தம்பி, அதை 2022 ஏப்ரல்லயே நிறுத்திட்டாங்க, இப்ப இந்த கார்டுதான் நீங்க இங்க குடியிருக்கறதுக்கு அத்தாட்சி. டைப்பிங் சென்டர்ல, அதான் அரசு ஃபார்மை நிரப்பிக் குடுக்கற கடைல, அப்ளிகேஷன் போட்டாங்கல்ல, அந்த பேப்பர்ல ஒரு காப்பி கேட்டு வாங்கிட்டு முதல்ல மொபைல் நம்பர் யாருதுன்னு பாருங்க. என்னோடதுல பிஆர்ஓ (கம்பெனிக்காக அரசு ஆபீஸ் வேலையெல்லாம் பாக்கறவரு) அவரு நம்பரையே போட்டுட்டாரு, வரச்சொன்ன எஸ்எம்எஸ் அவரு போன்லயே கிடந்துச்சு, நான் இங்க தினமும் சாமி கும்பிட்டுட்டு இருந்தேன். பேப்பர்ல இருக்கற அப்ளிகேஷன் நம்பரை ஐசிபி (இந்த கார்டைக் குடுக்கற அரசு துறை) சைட்ல போட்டா எங்க நிக்குதுன்னு நீங்களே பாத்துக்கலாம்.

கேள்வி: 784ன்னு ஆரம்பிக்குதே, அது என்ன நம்பர்? ரூம்மேட்டுக்கும் அதே 784தான்.

பதில்: எல்லாருக்கும் அதேதான், அது இந்த நாட்டோட கோடு. அடுத்த நாலு நம்பர் நீங்க பொறந்த வருஷம், மொத்தம் 15. கார்டு வந்ததும் அந்த வருஷம் சரியா இருக்கான்னு பாத்துடுங்க.

கேள்வி: பாய், கார்டு முடிஞ்சு ஒரு மாசம் ஆகப்போகுது, ஃபைன் எவ்வளவு வரும்?

பதில்: முடிஞ்ச தேதில இருந்து 30 நாள் விடுவாங்க, அப்புறம் நாளைக்கு 20 திர்ஹாம், அதிகபட்சம் 1000. இன்னும் நாள் இருக்குல்ல, இன்னைக்கே கம்பெனில போய் நில்லுங்க. விசா முடிஞ்சு தங்குனா வர்ற ஃபைன் வேற கணக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

கேள்வி: டாக்ஸில விட்டுட்டேன் சார், இனி கிடைக்காது.

பதில்: மாத்து கார்டுக்கு 300 திர்ஹாம், டைப்பிங் சார்ஜ் தனி. நம்பர் மாறாது, பழைய தேதி வரைக்கும்தான் செல்லும். வர்ற வரைக்கும் ஐசிபி ஆப்ல இருக்கற டிஜிட்டல் கார்டைக் காட்டுங்க.

கேள்வி: பையனுக்கு 9 வயசு, அவனையும் கைரேகைக்கு கூட்டிட்டுப் போகணுமாக்கா?

பதில்: அக்கா இல்லங்க, அண்ணன் 😄 வேணாம், 15 வயசுல இருந்துதான் கைரேகை. போட்டோ மட்டும் நல்லதா எடுத்துக் குடுங்க.

கேள்வி: விசா, ஐடி செலவுன்னு சம்பளத்துல பிடிக்கறாங்க. கேட்டா எல்லா கம்பெனிலயும் அப்படித்தாங்கறாங்க.

பதில்: அப்படியெல்லாம் இல்ல. வேலைக்கு எடுக்கற செலவை ஆளு தலைல கட்டக்கூடாதுன்னு 2021ல வந்த தொழிலாளர் சட்டத்துலயே இருக்கு. பிடிச்ச மாசத்து சம்பள ஸ்லிப்பை எல்லாம் எடுத்து வச்சுட்டு தொழிலாளர் அமைச்சகத்துல கம்ப்ளெயின்ட் போடுங்க, அவங்க ஆப்லயே போடலாம். பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சிருக்காங்கன்னா அதையும் சேத்து எழுதுங்க, அதுவும் தப்புதான்.