கீபோர்ட் பூட்டினால் ரப் லப்ரொப் ஆகுமா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதமும் ஐ.சி.ரியும் படிக்கிறா. ரொறொன்ரோவில் இருக்கும் தம்பி 120,000 ரூபா அனுப்பியிருக்கிறார். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில், "12 அங்குல ரப் எடுங்கோ, கீபோர்ட் இலவசம், லப்ரொப் வேலையும் இதிலயே நடக்கும்" என்கிறார்கள். எடுக்கலாமா? (ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: எடுக்கவேண்டாம், அம்மா. மகளின் பாடத்துக்கு அது காணாது.

ஐ.சி.ரியில் பைதன், பி.எச்.பி ஆகிய நிரல் மொழிகள், தரவுத்தளம் எல்லாம் கையால் செய்து பழகவேண்டும். அதற்கான வாம்ப் (சொந்தக் கணினியிலேயே இணையத்தளம் ஓட்டிப் பழக உதவுவது) போன்ற மென்பொருள்கள் கணினிக்கென எழுதப்பட்டவை, அன்ரொயிட்டில் ஏறாது. கீபோர்ட் பூட்டினால் தட்டச்சு இலகுவாகும், அவ்வளவுதான்.

எக்ஸெல் ரப்பிலும் இருக்கிறதே என்பார்கள். பெயர் ஒன்றுதான், மக்ரோ (வேலையைத் தானாகச் செய்யவைக்கும் கட்டளைத் தொகுப்பு) ஓடாது. அதோடு 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் கோப்பைத் திருத்த மைக்ரோசொஃப்ட் 365 சந்தா கட்டவேண்டும். கடைக்காரர் புகழும் அந்தப் பெரிய திரையே உங்களுக்கு மாதச் செலவாகும்.

அடுத்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. ஆசிரியர் பாமினியில் தட்டி வேர்ட் கோப்பாக அனுப்பும் குறிப்பை ரப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். லப்ரொப்பில் எழுத்துருவைப் போட இரண்டு நிமிடம். தனி எழுத்துரு போடாமலே எழுத்துத் தெரியவைக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991இலேயே சேர்ந்துவிட்டது. இன்றும் வினாத்தாளையும் சுற்றறிக்கையையும் பாமினியில் அனுப்பிப் பிள்ளைகளை அலைக்கழிக்கிறார்கள். மேலிடத்தில் ஒருவர் ஒரு கடிதம் எழுதினால் தீருகிற பிரச்சினை இது. வயரில் மட்டும் வேலைசெய்யும் பழைய பிறின்ரரும் ரப்போடு பெரும்பாலும் ஒத்துவராது.

இனி விற்பவர்களின் கணக்குக்கு வருவோம். பெட்டியில் "8+8=16 ஜிபி ரம்" என்றிருந்தால் உண்மையான ரம் (வேலை செய்யும்போது பாவிக்கும் நினைவகம்) 8 மட்டுமே. மற்ற எட்டும் சேமிப்பிடத்தில் கடன் வாங்கியது, வேகம் மிகக் குறைவு. பெயர் தெரியாத மலிவு ரப்களில் செற்றிங்ஸ் பக்கமே பொய் சொல்லும். "512 ஜிபி" என்றால் பெரிய வீடியோக் கோப்புகளை ஏற்றி நிரப்பி, கடைசியாக ஏற்றியது ஓடுகிறதா என்று பாருங்கள். சிம் போடும் ரப்பை ஏஜென்ற் கொண்டுவந்து தந்தால், பெட்டியிலுள்ள 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண்ணை, அதாவது கருவியின் அடையாள எண்ணைப் பாருங்கள். ஐ.எம்.ஈ.ஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு, அந்த எண்ணையும் போட்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதிவில்லை என்று பதில் வந்தால் வாங்கவேண்டாம். "பிறகு பதிஞ்சு தாறன்" என்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உத்தரவாதம் கேட்கப் போகும்போது அந்த ஆளின் தொலைபேசி ஓய்ந்திருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இணைந்த கணிதத்துக்கு, சூம் வகுப்பில் பி.டி.எஃப் வினாத்தாளின் மேலேயே எழுதிச் செய்ய ரப்பைப் போல வசதி வேறில்லை. ஆனால் அதற்கு அந்த மொடலுக்கென்றே வரும் பேனை வேண்டும். இறப்பர் முனைப் பேனையை ரப் விரலாகத்தான் எடுத்துக்கொள்ளும். உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். கடையிலேயே கையைத் திரையில் முழுதாக ஊன்றி, ஒரு வர்க்கமூலக் குறியும் அதற்குள் ஒரு பின்னமும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு பேனைக்குப் பின்னால் இழுபட்டு வந்தாலோ, உள்ளங்கை பட்ட இடத்தில் புள்ளி விழுந்தாலோ அது உதவாது. பேனை பெட்டிக்குள் வருகிறதா, தனிக் காசா என்றும் கேளுங்கள். இதெல்லாம் சரிவந்தாலும் அது இரண்டாவது கருவிதான், லப்ரொப் முதலில்.

உங்கள் காசுக்குப் பாவித்த லப்ரொப் பாருங்கள்: இன்ரெல் ஐ5 செயலி, 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, 8 ஜிபி ரம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி சேமிப்பிடம். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்துவிட்டது. 6ஆம், 7ஆம் தலைமுறை ஐ5களை வின்டோஸ் 11 முறைப்படி ஏற்காததால் அவற்றை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண் 8250 போல எட்டில் தொடங்கினால் 8ஆம் தலைமுறை. 6200, 7200 என்றிருந்தால் விடுங்கள். பற்றரி அறிக்கையையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் முழுச் சார்ஜ் கொள்ளளவு ஆரம்பக் கொள்ளளவின் பாதிக்குக் கீழே என்றால், புதுப் பற்றரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.