ஜப்பானின் சேகா நிறுவனம் கேம் கன்சோல் (டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டி) தயாரிப்பதை ஏன் கைவிட்டது?

அதன் கடைசிக் கன்சோலான ட்ரீம்காஸ்ட் தோற்றதால் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ட்ரீம்காஸ்ட் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சேகா தோற்றுவிட்டது. தேதியையே சொல்வேன்: 1995 மே 11.

அதற்கு முன் அது இருந்த உயரம் தெரிய வேண்டும். அமெரிக்காவில் வீடியோ கேம் என்றாலே நின்டெண்டோதான் என்றிருந்த காலத்தில், 1990இல் டாம் கலின்ஸ்கி சேகாவின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவரானார். சேகாவின் ஜெனிசிஸ் கன்சோலின் விலையைக் குறைத்தார். சோனிக் என்ற நீல முள்ளெலியின் விளையாட்டைப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார். சில ஆண்டுகளில் நின்டெண்டோவுக்குச் சரிசமமாக நின்றது சேகா.

பிறகு அவசரம் பிடித்தது. 1994 நவம்பரில் ஜெனிசிஸ் மேல் பொருத்தும் 32எக்ஸ் என்ற துணைக்கருவியை அமெரிக்காவில் விற்றார்கள். அதே மாதம் ஜப்பானில் சாட்டர்ன் என்ற புதுக் கன்சோலே வந்துவிட்டது! துணைக்கருவிக்குக் காசு கொடுத்தவர்களின் கதி என்ன? சீக்கிரமே அதற்குப் புது விளையாட்டுகள் வருவது நின்றுபோனது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அடுத்து அந்த மே 11. செப்டம்பரில் வரும் என்று சொல்லியிருந்த சாட்டர்ன், இன்றே கடைகளில் இருக்கிறது என்று லாஸ் ஏஞ்சலஸ் வீடியோ கேம் கண்காட்சியில் கலின்ஸ்கி அறிவித்தார். விலை 399 டாலர். சரக்கு போனது நான்கு கடைத்தொடர்களுக்கு மட்டும். விடுபட்ட கே.பி. டாய்ஸ் என்ற பொம்மைக் கடைத்தொடர் கொதித்துப்போய் சாட்டர்னை விற்கவே மறுத்தது. செப்டம்பரைக் கணக்கிட்டு வேலை செய்த பிற நிறுவனங்களின் விளையாட்டுகள் தயாராகவில்லை. கலின்ஸ்கிக்கே இதில் விருப்பமில்லை. ஜப்பானியத் தலைமையின் வற்புறுத்தல். அன்றே மேடையேறிய சோனியின் ஸ்டீவ் ரேஸ், போட்டிக் கன்சோலான பிளேஸ்டேஷனின் விலையாக "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

ட்ரீம்காஸ்ட் அருமையான பெட்டி. பழையதாக வாங்கிய ஒன்று இன்றும் என் வீட்டில் ஓடுகிறது. 1999இலேயே இணையத்தில் இணைக்கும் மோடத்தோடு 199 டாலருக்கு அமெரிக்காவில் கிடைத்தது. ஆனால் சூடு கண்டவர்கள் மறுபடி நம்புவார்களா? பெரிய விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதற்கு விளையாட்டு எதுவும் செய்து தரவில்லை. மக்களோ டிவிடி ஓடும் பிளேஸ்டேஷன் 2க்காகக் காத்திருந்தார்கள்.

2001 ஜனவரி 31இல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். தலைவர் இசாவோ ஒகாவா பல கோடி டாலர் பெறுமான தன் பங்குகளை நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டு மார்ச்சில் காலமானார். அந்த டிசம்பரில் சோனிக், நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலில் ஓடிக்கொண்டிருந்தது.