கணிதமும் கணித இயற்பியலும்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: பள்ளி இறுதியாண்டு மாணவி நான். கணக்கு என்றால் உயிர். இயற்பியலும் பிடிக்கும், ஆனால் ஆய்வகத்தில் கை வைத்தால் எதையாவது உடைத்துவிடுகிறேன். கணிதத்தையும் கணித இயற்பியலையும் சேர்த்துப் படிக்கும் பட்டப்படிப்பு எனக்குச் சரிவருமா? கோட்பாட்டு இயற்பியலும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: உடைப்பவர்களுக்கு இந்தத் துறையில் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. கோட்பாட்டு இயற்பியலாளர் வுல்ஃப்காங் பவுலி பக்கத்தில் வந்து நின்றாலே கருவிகள் பழுதாகும் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்து, அதற்குப் 'பவுலி விளைவு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1945இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதனால் அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் சில இடங்களில் முதல் வருடம் ஆய்வகமும் கட்டாயமாக இருக்கும், பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இரண்டும் ஒன்றில்லை. தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் நீளமும் புவியீர்ப்பு முடுக்கமும் தெரிந்தால் அலைவு நேரம் வந்துவிடும் என்று பள்ளியில் ஒரு சூத்திரம் படித்திருப்பீர்கள். எவ்வளவு தூரம் இழுத்து விட்டோம் என்பதே அதில் வராது. காரணம், அது ஒரு தோராயம். கோணம் சின்னதாக இருந்தால் அதன் சைன் மதிப்பும் கோணமும் கிட்டத்தட்ட சமம் என்று வைத்துக்கொண்டு வந்த சூத்திரம் அது. 20 டிகிரி இழுத்து விட்டால் பிழை 1 சதவீதத்துக்கும் கீழே. 90 டிகிரி இழுத்தால் உண்மையான அலைவு நேரம் சூத்திரம் சொல்வதைவிடச் சுமார் 18 சதவீதம் அதிகம். கோட்பாட்டு இயற்பியல்காரர் பெரும்பாலும் தோராயத்தைப் போட்டு, விடை சோதனையோடு ஒத்துப்போனால் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கணித இயற்பியல்காரர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்: பிழை எந்தக் கோணத்தில் எவ்வளவு, அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு என்பதற்கு என்ன உத்தரவாதம், ஒரே தீர்வுதானா?

இப்படி உட்காருவது உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள். "கணக்கு உயிர்" என்கிறீர்கள், ஆனால் பள்ளிக் கணக்கு பெரும்பாலும் விடை கண்டுபிடிப்பது, பல்கலைக்கழகக் கணிதம் பெரும்பாலும் நிரூபிப்பது. நன்றாகப் படித்தவர்களே முதல் செமஸ்டரில் திணறுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலையில் கணித வகுப்பில், எல்லையையும் தொகையீட்டையும் காரணம் சொல்லாமல் இடம் மாற்றினால் மதிப்பெண் போகிறது. மதியம் இயற்பியல் வகுப்பில் ஆசிரியரே அதைக் கரும்பலகையில் செய்கிறார், கூடவே டெல்டா சார்பு என்று ஒன்றையும் கொண்டுவருகிறார். யாரை நம்புவது?

பதில்: இந்தக் குழப்பத்தில் நானும் அடி வாங்கியிருக்கிறேன். கணிதத் தேர்வில் இயற்பியல் பாணியில் எழுதி ஒரு கேள்வி முழுக்கப் போனது. அந்தக் கோபத்தில் அடுத்து வந்த இயற்பியல் தேர்வில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதப் போய், பாதித் தாள் முடிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பூஜ்யத்திலிருந்து வலப்பக்கமாகச் செவ்வகங்கள் வரையுங்கள். முதல் செவ்வகத்தின் உயரம் 1, அகலம் 1. இரண்டாவதற்கு உயரம் 2, அகலம் பாதி. நூறாவதற்கு உயரம் 100, அகலம் நூறில் ஒன்று. எல்லாவற்றுக்கும் பரப்பளவு 1தான். ஆனால் பூஜ்யத்துக்கு வலப்பக்கம் எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும், கொஞ்ச நேரத்தில் செவ்வகங்கள் அந்தப் புள்ளிக்கு இடப்பக்கமாக ஒடுங்கிவிடும், அப்புறம் அங்கே உயரம் பூஜ்யம். ஆக, முதலில் எல்லையை எடுத்துப் பிறகு தொகையிட்டால் 0, முதலில் தொகையிட்டுப் பிறகு எல்லையை எடுத்தால் 1. உங்கள் கணித ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பது இதனால்தான்.

இப்போது அதே படத்தை இயற்பியல் ஆசிரியரின் கண்ணால் பாருங்கள். ஒடுங்கிக்கொண்டே உயரும், பரப்பளவு மட்டும் 1 ஆகவே நிற்கும் அந்தச் செவ்வகங்கள் டெல்டாவை நோக்கித்தான் போகின்றன! காலையில் எச்சரிக்கையாகக் காட்டிய உதாரணத்தையே மதியம் கருவியாகக் கையில் கொடுக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து இதை மாணவர்களிடம் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் கால அட்டவணை விடாது.

டெல்டாவைச் சாதாரணச் சார்பாக நினைத்தால்தான் சிக்கல். வேறு ஒரு சார்பைக் கொடுத்தால் பூஜ்யத்தில் அதன் மதிப்பைத் திருப்பித் தரும் இயந்திரம் என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். குவாண்டம் இயற்பியலாளர் டிராக் 1920களின் பிற்பகுதியில் டெல்டாவைத் தாராளமாகப் பயன்படுத்தினார். கணிதவியலாளர் லோரான் ஷ்வார்ட்ஸ் 1940களில்தான் அதற்கு முறையான கணித அடித்தளம் போட்டார், 1950இல் கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கமும் வாங்கினார். இது புதுக் கதையும் கிடையாது. எந்தச் சார்பையும் சைன், கொசைன் தொடராக எழுதலாம் என்று ஃபூரியே 1807இல் சொன்னபோது லக்ராஞ்சே ஒப்புக்கொள்ளவில்லை. எந்த நிபந்தனையில் அந்தத் தொடர் குவியும் என்று டிரிக்லே நிரூபிக்க 1829 ஆனது. அவர்களுக்கு இருபது வருடம் ஆன இடைவெளி, உங்களுக்கு இரண்டு மூன்று செமஸ்டர்.

அதுவரை ஒரு கடன் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் வகுப்பில் காரணம் சொல்லாமல் தாண்டிய படி ஒவ்வொன்றையும் அதில் குறியுங்கள், அதற்கான தேற்றம் கணித வகுப்பில் வந்ததும் அடித்துவிடுங்கள். உதாரணமாக லெபேக்கின் தேற்றம் ஒன்று இருக்கிறது: எல்லாச் சார்புகளையும் மூடும் ஒரே கூரை இருந்து, அந்தக் கூரைக்குக் கீழே பரப்பளவு முடிவுள்ளதாக இருந்தால், தைரியமாக இடம் மாற்றலாம். மேலே சொன்ன செவ்வகங்களுக்குக் கூரை போட்டுப் பாருங்கள், பரப்பளவு முடிவிலிக்கு ஓடும். ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள், சொல்லமாட்டேன்.

கேள்வி: மகள் இதில்தான் சேருவேன் என்கிறாள். வேலை கிடைக்குமா?

பதில்: 'கணித இயற்பியலாளர் தேவை' என்று விளம்பரம் வருவது அரிது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சி, கற்பித்தல் போக, மென்பொருள், வானிலைக் கணிப்பு, நிதி, காப்பீடு எனப் பல பக்கமும் போகிறார்கள். பங்குச் சந்தையில் ஆப்ஷன் (ஒரு பங்கைக் குறித்த விலையில் பிற்பாடு வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலையைக் கணக்கிடும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாடு 1973இல் வந்தது. மாறிகளை மாற்றி எழுதினால், வெப்பம் பரவுவதை விவரிக்க ஃபூரியே கையாண்ட அதே வெப்பச் சமன்பாடுதான். ஒரே ஒரு நிபந்தனை: நிரல் எழுதக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், முதல் வருடத்திலிருந்தே. வெறும் தேற்றங்களோடு நேர்முகத் தேர்வுக்குப் போவது கஷ்டம்.

கேள்வி: சேர்வதற்கு முன் விடுமுறையில் என்ன படித்து வைக்கலாம்? குவாண்டம் பற்றிய காணொளிகள் நிறையப் பார்க்கிறேன்.

பதில்: காணொளிகளைக் குறைத்துவிட்டு அணிகளைப் (எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய 'மேட்ரிக்ஸ்') பிடியுங்கள். ஹைசன்பெர்க் 1925இல் குவாண்டம் இயக்கவியலுக்கு வழி கண்டபோது, தான் எழுதியது அணிகளின் பெருக்கல் என்பதே அவருக்குத் தெரியாது. மாக்ஸ் போர்ன்தான் அதை அடையாளம் கண்டார்.

ஒரு சாயங்கால வேலை தருகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு சதுர அணிகளை எடுத்து, முதலாவதை இரண்டாவதாலும் இரண்டாவதை முதலாவதாலும் பெருக்குங்கள். விடைகள் பொதுவாக வேறுபடும். ஆனால் மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால் இரண்டிலும் ஒரே எண் வரும், எப்போதும். குவாண்டம் இயக்கவியலில் இடத்தையும் உந்தத்தையும் அணிகளாக எழுதி, இப்படி இரண்டு வரிசையில் பெருக்கிக் கழித்தால், அலகு அணியின் (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0) ஒரு மடங்கு வர வேண்டும், அந்த மடங்கு பூஜ்யம் கிடையாது. அலகு அணியின் மூலைவிட்டக் கூட்டுத்தொகையும் பூஜ்யம் ஆகாது. அப்படியானால் எந்தச் சாதாரண அணியாலும் இது முடியாது, முடிவிலி அளவுள்ளவை வேண்டும். கணிதவியலாளர் ஃபான் நாய்மன் குவாண்டம் இயக்கவியல் பற்றி 1932இல் வெளியிட்ட நூலில், முடிவிலி பரிமாணங்களுக்கும் இடம் தரும் ஹில்பெர்ட் வெளி வந்து உட்காரும் காரணங்களில் ஒன்று இது. காணொளியில் இதைப் பார்த்தால் தலையாட்டுவீர்கள், கையால் போட்டால் மறக்கமாட்டீர்கள்.

கேள்வி: கடைசியில் கணிதம், இயற்பியல் இரண்டில் ஒன்றைத்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்? எப்போது?

பதில்: அவசரமே இல்லை. ஹரிஷ்-சந்திரா டிராக்கின் மாணவராக 1947இல் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் முழுக்கக் கணிதத்துக்குப் போனார். எட்வர்ட் விட்டன் இயற்பியலிலேயே இருந்துகொண்டு 1990இல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது குழப்பமாக இருந்தால், இரண்டு வீட்டுப்பாடமும் ஒரே நாளில் வரும்போது எதை முதலில் திறக்கிறீர்கள் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள்.